நடைக் கூலி முதல் யூனிட் வரை: சித்தூர், திருப்பதிச் சாலைகளில் வண்டி ஓட்டும் செலவின் வரலாறு

கிழக்கே கடற்கரைச் சமவெளியும் மேற்கே மைசூர்ப் பீடபூமியும் சந்திக்கும் விளிம்பில் அமைந்தது சித்தூர்ச் சீமை. திருப்பதி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டரிலும், சித்தூர் 330 மீட்டரிலும், பலமநேரும் மதனப்பள்ளியும் 700 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், இங்கே ஒரு மூட்டையை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அதை மேலே ஏற்றுவதாகவோ கீழே இறக்குவதாகவோ ஆகிவிடுகிறது. வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானதும், 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றதும், 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைந்ததும் ஆட்சியாளர் வரைந்த எல்லைகள். சுமைவண்டிக்காரருக்கோ எக்காலத்திலும் மலையடிவாரமே முதன்மையான எல்லையாக இருந்திருக்கிறது.

பின்புறம் திறந்த தட்டுடைய சிறு சுமைவண்டியைப் பிக்கப் என்று அழைப்பது இப்பகுதியில் நிலைத்துவிட்டது. அதனினும் சிறியதைத் தமிழ் வழங்கும் எல்லையோர ஊர்களில் ‘குட்டி யானை’ என்பர். இவ்வகை வண்டிகள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியுள்ள இக்காலத்தில், ஒருமுறை சார்ஜ் போட எவ்வளவு ஆகும் என்பதே வாங்குவோர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. ஒற்றை எண்ணில் விடை தரக்கூடியதுபோல் தோன்றும் அக்கேள்வி உண்மையில் பழையது; மாட்டுக்கும் கரிக்கும் பெட்ரோலுக்கும் அது கேட்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் விடை வேறொரு அளவுகோலில் வந்தது. நடை, மூட்டை, காலன், லிட்டர், கிலோமீட்டர், யூனிட் என அளவுகோல் மாறியபோதெல்லாம் செலவின் ஒரு பகுதி கணக்கில் ஏறியது, மற்றொரு பகுதி கணக்கிலிருந்து நழுவியது. வண்டியை நகர்த்தும் ஆற்றல் எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டிலும், அதை எந்த அளவுகோலால், யார் அளக்கிறார்கள் என்பதே இப்பகுதியில் விலையை முடிவு செய்து வந்திருக்கிறது.

இருப்புப்பாதைக்கு முந்தைய காலத்தில் கடற்கரை உப்பு மேலேறியதும் பீடபூமித் தானியம் கீழிறங்கியதும் பொதிமாடுகளின் முதுகிலும் மாட்டுவண்டிகளிலுமே நடந்தன. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பழைய பெருவழி சித்தூரைக் கடந்து மொகிலி கணவாயில் ஏறிப் பலமநேரை அடைந்தது; லம்பாடி வணிகர் நூற்றுக்கணக்கான எருதுகளில் பொதியேற்றி இத்தகைய கணவாய்களின் வழியே போய்வந்தனர். வண்டிக் கூலி பெரும்பாலும் ‘நடை’ என்னும் அளவில், அதாவது ஒரு போக்குக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. மாட்டுக்கான வைக்கோலும் கொள்ளும் பிண்ணாக்கும் குடியானவரின் சொந்த நிலத்திலிருந்தும் செக்கிலிருந்தும் வந்ததால், எரிபொருளுக்கு ஒப்பான அந்தச் செலவு ரொக்கமாக எங்கும் பதிவாகவில்லை. உழவு முடிந்து மாடு கொட்டிலில் சும்மா நிற்கும் கோடை மாதங்களில், தீவனத்துக்கு மேல் கொஞ்சம் மிஞ்சினாலே போதும் என்று வண்டிக்காரர் குறைந்த கூலிக்கும் வண்டி பூட்டினர். மழை விழுந்து ஏர் கட்டியதும் அதே நடைக்கு அதே கூலியில் வண்டி கிடைப்பது அரிதாயிற்று. கூலியை முடிவு செய்ததில் தூரத்துக்கும் சுமைக்கும் இருந்த அளவு பங்கு மாட்டின் ஓய்வுக்கும் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். மின்சாரத்தின் காலத்தில் இது வேறு வடிவில் திரும்ப வரும்.

திருமலைக்கு அந்த நடைக் கணக்குகூடப் பொருந்தவில்லை. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஏறும் 3,550 படிகளில் வண்டி ஏறாது. நடக்க முடியாத பக்தர்கள் டோலியில், அதாவது மூங்கிலில் தொங்கவிட்ட இருக்கையில், ஆட்களின் தோளில் ஏறினர். சாலை இல்லாத மலையில் உயரத்தின் விலை மனித உடலிலிருந்து நேராகப் பெறப்பட்டது, அது ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கப்பட்டது. சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாக வடமேற்கே சென்ற இருப்புப்பாதை 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்ததும், பின்னர் பாகாலா வழியே மீட்டர்பாதை வந்ததும் பக்தர்களை மலையடிவாரம்வரை மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தன. அடிவாரத்துக்கு மேலே நிலைமை மாறவில்லை.

அதை மாற்றியது 1944 ஏப்ரல் 10 அன்று அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்த முதல் மலைப்பாதை. மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் திட்ட யோசனையோடு தொடர்புபடுத்தப்படும் இந்த 19 கிலோமீட்டர்ச் சாலை, 36 கொண்டையூசி வளைவுகளோடு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இன்று இறங்குவதற்கு மட்டும் பயன்படும் இச்சாலையின் பிறப்புக் காலம் கவனத்துக்குரியது. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1941 முதல் பெட்ரோல் பங்கீட்டுச் சீட்டுக்கே கிடைத்த நாள்களில், மோட்டார் வண்டிக்கென ஒரு மலைப்பாதை திறக்கப்பட்டது. எரிபொருள் இல்லாத நேரத்தில் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் சாலை ஒன்று கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மாகாணம் முழுவதும் பேருந்துகளையும் லாரிகளையும் அக்காலத்தில் ஓடவைத்தது கரிவாயு. வண்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ பொருத்திய இரும்புக் கலனில் மரக்கரியைப் போதிய காற்றின்றி எரித்து, அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவதே இதன் செயல்முறை, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்த கலன்கள் தென்னாட்டில் புகழ்பெற்றன. பங்கீட்டில் கிடைத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு மைலுக்கான கரிச்செலவு குறைவு. ஆனால் மூட்டைக் கணக்கில் வாங்கிய கரியின் ஈரமும் தூளும் மரவகையும் மூட்டைக்கு மூட்டை வேறுபட்டன. புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே உலையை மூட்டி ஊதவும் வழியில் சாம்பலைக் கிளறவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவருடைய கூலியும் நச்சுவாயுவால் நேர்ந்த ஆபத்தும் மைலுக்கான கணக்கில் சேரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரிவாயுவில் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்குமுதல் பாதிவரை குறைந்தது. சமவெளியில் தாமதமாக மட்டுமே தெரிந்த இக்குறை மலையேற்றத்தில் வண்டியையே நிறுத்தக்கூடியது. மலிவான எரிபொருள் ஏற்றத்தில் மலிவாக இருப்பதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

போருக்குப் பிந்தைய கதையில் இங்கே நீண்டநேரம் தங்க வேண்டியதில்லை. திருமலைப் பேருந்துகளை, கோயிலை நிருவகிக்கும் தேவஸ்தானமே நெடுங்காலம் நடத்திவந்தது. ஏறுவதற்கான இரண்டாம் மலைப்பாதை அமைந்த 1970களில், 1975இல், அப்பணி மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குச் சென்றது. பெட்ரோலின் இடத்தை டீசல் பிடித்தது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு காலன் போய் லிட்டர் வந்தது. ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்னும் மைலேஜ் சுமைவண்டிக்காரரின் ஒரே அளவுகோலாயிற்று. டீசல் விலையை மத்திய அரசே கட்டிவைத்திருந்தவரை நாட்டில் எங்கு எண்ணெய் போட்டாலும் வேறுபாடு பெரிதில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கிய பிறகு, மாநில வரியின் கனம் வெளியே தெரிந்தது. ஆந்திரத்தின் மதிப்புக் கூட்டு வரியும் அதன்மேல் லிட்டருக்கு இவ்வளவு என்று விதித்த கூடுதல் வரியும் சேர்ந்து அண்டை மாநிலங்களைவிட விலையை உயர்த்தியதால், வேலூர்ப் பக்கமோ கோலார்ப் பக்கமோ போகும் சித்தூர் வண்டிகள் எல்லை தாண்டித் தொட்டியை நிரப்பிவருவது இயல்பான வணிகமாயிற்று. எண்ணெயைத் தொட்டியில் சுமந்துவர முடியும் என்பதால் வண்டிக்காரர் தமக்கு விலை சொல்லும் அரசைத் தாமே தேர்ந்துகொள்ள முடிந்தது. மின்சாரத்திலும் எல்லை கடந்து சார்ஜ் போட்டுவரத் தடையேதும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு மணி நேரமோ ஓர் இரவோ காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு ஆதாயத்தைத் தின்றுவிடும்.

சார்ஜ் போடக் காசு கொடுக்கும் பழக்கம் மின்வண்டியோடு வந்ததன்று. மின்கம்பி எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியில் இயங்கிய காலத்தில், தீர்ந்த பேட்டரியை நகரத்துக்கு எடுத்துச் சென்று மின்னேற்றி வாங்கிவருவது வழக்கமாக இருந்தது. லாரி நிறுத்தங்களின் ஓரத்தில் வடிநீர்க் குடுவையோடும், அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழலோடும் இயங்கிய பேட்டரிக் கடைகள் அதன் தொடர்ச்சி. அக்கடைகளில் யூனிட் கணக்கு கிடையாது. இரவு முழுக்க வரிசையில் மாட்டிவைத்த பேட்டரிக்குத் தலைக்கு இவ்வளவு என்பதே விலை, அதில் மின்சாரத்தின் பங்கு சிறிது. இடத்துக்கும் நேரத்துக்கும் கைத்திறனுக்குமே வாடிக்கையாளர் காசு கொடுத்தார்.

மின் சுமைவண்டிகளின் முதல் பருவத்திலும் யூனிட்டைச் சாராத விலைமுறை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின்கம்பெனி 1910களில் ஒரு திட்டத்தை நடத்தியது. வணிகர் பேட்டரி இல்லாத லாரியை வாங்கிக்கொள்வார். பேட்டரியை மாற்றித் தருவதும் சார்ஜ் செய்வதும் பராமரிப்பதும் கம்பெனியின் பொறுப்பு. வணிகர் மாதக் கட்டணத்தோடு ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று செலுத்துவார். மின்சாரத்தின் விலையும் பேட்டரி தேய்வதன் விலையும் ஒரே அளவுகோலுக்குள் வந்த அந்த ஏற்பாடு 1920களின் நடுப்பகுதியில் மலிவான பெட்ரோல் லாரிகளின் முன்னே நின்றுபோனது. சென்னை நகரமோ 1895இலேயே மின்சார டிராம் கண்டது. ஆனால் கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடிய டிராமுக்குச் சேமிப்புக் கவலை இல்லை. பேட்டரியில் ஓடும் சுமைவண்டி தென்னாட்டில் வேரூன்ற ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பதி, பேட்டரி செய்யும் ஊராயிற்று என்பது பலரும் கவனிக்காத செய்தி. அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய சித்தூர் மாவட்டத்துக்காரர் கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில், திரவம் ஊற்ற வேண்டாத மூடிய ஈய பேட்டரிகளைத் தொலைபேசி நிலையங்களுக்கும் இரயில்வேக்கும் செய்து கொடுத்தது. 2000 வாக்கில் ‘அமரான்’ என்னும் பெயரில் வண்டி பேட்டரிச் சந்தையில் இறங்கியது. பின்னர்ச் சித்தூரிலும் ஆலை கண்டது. 2021இல் அந்நிறுவனம் திருப்பதியில் லித்தியம் தொழில்நுட்ப மையத்தை நிறுவியது. 2022இல், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் திருப்பதி மின்னணுத் தொழில் தொகுப்பில் 165 கோடி ரூபாய் முதலீட்டில் லித்தியம் செல் ஆலையைச் சோதனை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு வட்டாரத்திலோ, 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் திறக்கப்பட்ட இசுசு ஆலை டி-மேக்ஸ் பிக்கப்புகளைச் செய்கிறது. ஹீரோ நிறுவனத்தின் ‘விடா’ மின் ஸ்கூட்டர்களும் அவ்வட்டார ஆலையிலிருந்தே வருகின்றன. 2025 ஜூலையில் விடாவின் ஒரு வகையை அந்நிறுவனம் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு, ஓடும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கு உட்பட்ட கட்டணத்தில் தரத் தொடங்கியது. ஹார்ட்ஃபோர்டில் கைவிடப்பட்ட மைல் கணக்கு, நூறாண்டு கழித்து, மலையடிவாரத்து ஆலை ஒன்றின் விற்பனைச் சீட்டில் திரும்பவும் இடம்பெற்றது.

இனி மின்சாரத்தின் விலைக்கு வரலாம். 1959இல் அமைந்த ஆந்திரப் பிரதேச மின்வாரியம் 1998ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தால் உற்பத்தி, கடத்தல் எனப் பிரிக்கப்பட்டது. 2000 ஏப்ரலில் நான்கு விநியோக நிறுவனங்கள் தோன்றின. அவற்றில் தென்பகுதிக்கான நிறுவனம் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் குப்பம் வட்டாரத்தில் மட்டும் கிராம மின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தனியே விநியோகம் செய்துவந்தது. இவ்வமைப்பில் விலையை முடிவு செய்வது ஒழுங்குமுறை ஆணையம். ஆண்டுதோறும் அது வெளியிடும் சில்லறை விலை ஆணையில் வீடு, கடை, ஆலை, பம்புசெட்டு என ஒவ்வொரு பயனுக்கும் ஒரு விகிதம் உண்டு. மழை குறைந்து ஆழ்துளைக் கிணற்றையே நம்பும் சித்தூர் உழவருக்கு 2004 மே முதல் மின்சாரம் இலவசமாயிற்று. அதன் செலவை அரசின் மானியமும், அடக்கத்துக்கு மேல் விலை கொடுக்கும் கடைகளும் ஆலைகளும் பகிர்ந்துகொண்டன. ஒரே கம்பியில் வரும் ஒரே யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு, சுழி ரூபாயும் உண்டு, ஒன்பது ரூபாய்க்கு மேலும் உண்டு.

இந்தக் கட்டங்களுள் மின்வண்டியை எதில் அமர்த்துவது என்பதே முதல் சிக்கலாயிற்று. மின்சாரத்தை விற்க 2003ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் வேண்டும். சார்ஜ் நிலையம் நடத்துபவர் மின்சாரம் விற்பவரா? 2018 ஏப்ரல் 13 அன்று மத்திய மின்துறை தந்த விளக்கம், சார்ஜ் போடுவது சேவை, மின் விற்பனை அன்று என்றது. அதனால் உரிமத் தடை நீங்கியது, பெட்டிக்கடைக்காரரும் நிலையம் வைக்கலாமென்றாயிற்று. அதே சமயம், சேவை என்றானதால் அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்து ஒட்டிக்கொண்டது. மின்சாரம் என்று விற்றிருந்தால் இவ்வரி இல்லை. ஆந்திர ஒழுங்குமுறை ஆணையம் சார்ஜ் நிலையங்களுக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியது. அண்மை ஆண்டுகளின் ஆணைகளில் அதற்கான விகிதம் யூனிட்டுக்கு 6 ரூபாய் 70 காசு.

இவ்விகிதத்தை வைத்து ஒரு சிறு சுமைவண்டியைக் கணக்கிடலாம். 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் மின்வண்டியின் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளும். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்போதும் பேட்டரிக்குள் செலுத்தும்போதும் எட்டில் ஒரு பங்குக்கு அருகில் வெப்பமாகப் போகும் என்று கொண்டால், மீட்டரில் பதிவாவது 24 யூனிட்டுக்குச் சற்று மேல். விலை ஏறத்தாழ 162 ரூபாய். அதே வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்தால் குறையும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் சித்தூரில் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. வீட்டு விகிதம் படிநிலையானது. முதல் 30 யூனிட்டுக்கு 1 ரூபாய் 90 காசில் தொடங்கி, மாதம் 400 யூனிட்டைத் தாண்டினால் 9 ரூபாய் 75 காசு. நாள்தோறும் ஒருமுறை நிரப்பும் வண்டி மாதம் 600, 700 யூனிட் இழுக்குமென்பதால் அதன் பெரும்பகுதி உச்சிப் படியில் விழுகிறது, ஒரு நிரப்பு 236 ரூபாயை எட்டுகிறது. ஏழை வீட்டு விளக்குக்குச் சலுகை தரவும் குளிர்சாதனம் வைத்தோரிடம் வாங்கவும் வகுத்த படிக்கட்டு, பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவரைச் செல்வர் வரிசையில் நிறுத்திவிடுகிறது. தனி மீட்டர் கேட்டு வாங்குவதே அதற்கு வழி. சாலையோர விரைவு சார்ஜ் நிலையத்திலோ கருவியின் விலை, இடவாடகை, நடத்துபவரின் ஆதாயம், மேற்சொன்ன வரி எல்லாம் சேர்வதால், ஆணையத்தின் 6 ரூபாய் 70 காசு அங்கே அடக்கவிலையின் ஒரு பகுதி மட்டுமே. பழைய பேட்டரிக் கடையில் போலவே இங்கும் வாடிக்கையாளர் பெரிதும் வாங்குவது நேரத்தை.

பெரிய பிக்கப்புக்குக் கணக்கு இதே விகிதத்தில் விரிகிறது. 2024இல் பாங்காக்கிலும் 2025 ஜனவரியில் தில்லியிலும் இசுசு காட்சிக்கு வைத்த மின்சார டி-மேக்ஸின் பேட்டரி 66.9 யூனிட் கொள்ளளவுடையது. இதே இழப்பையும் இதே விகிதத்தையும் கொண்டால் ஒரு நிரப்புக்கு 510 ரூபாய் அளவில் வரும்.

நிரப்பும் விலை தெரிந்தாலும் ஓடும் விலை தெரிந்துவிடாது, ஏனெனில் இது ஏற்ற இறக்க நாடு. ஒரு டன் எடையை 700 மீட்டர் உயர்த்த, உராய்வு எதையும் சேர்க்காமல், 1.9 யூனிட் வேண்டும். இது இயற்பியல் விதிக்கும் கட்டணம், எந்த ஆணையமும் இதைக் குறைக்க முடியாது. சுமையோடு மூன்று டன் எடையுள்ள பிக்கப் திருமலை ஏறினால் உயரத்துக்கு மட்டும் 5.7 யூனிட், சக்கர உராய்வையும் மோட்டார் இழப்பையும் சேர்த்தால் எட்டைத் தாண்டும். சார்ஜ் இழப்பையும் சேர்த்து, ஆணையத்தின் விகிதத்தில் இது ஏறத்தாழ 65 ரூபாய். எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குத் தருவதால், அதே ஏற்றத்துக்கு டீசல் வண்டி இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். இறங்கும்போது வேறுபாடு இன்னும் கூடுகிறது. டீசல் வண்டி இறங்குகையில் உயரத்தில் சேர்த்த ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் கலக்கிறது. மின்வண்டியின் மோட்டாரோ அப்போது மின்னாக்கியாக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. ஆனால் திருமலைக்குக் காய்கறியும் பூவும் ஏற்றிச் செல்லும் வண்டி இறங்கும்போது காலியாக வருகிறது. பாரம் மலைமேல் தங்கிவிட, அதை உயர்த்திய ஆற்றலும் அங்கேயே தங்கிவிடுகிறது. திரும்பக் கிடைப்பது வெறும் வண்டியின் எடைக்குரியது மட்டுமே.

மேற்கே இது தலைகீழாகிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் தக்காளி பீடபூமியிலிருந்து கீழே திருப்பதிக்கும் சென்னைக்கும் வருகிறது. அதாவது வண்டி பாரத்தோடு இறங்கிக் காலியாக ஏறுகிறது. பாகராபேட்டைக் கணவாய் வழியாகவோ மொகிலி வழியாகவோ இறங்கும் சுமை தானே மின்சாரம் செய்து, திரும்பி ஏறும் வண்டிக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கிறது எனலாம். சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கருகே ஒரு சுரங்கத்தில், சுண்ணாம்புப் பாறையோடு இறங்கி வெறுமையாக ஏறும் மாபெரும் மின்லாரி ஒன்று ஏறத்தாழ வெளிமின்சாரமே இன்றி இயங்குவதாக அறியப்பட்டது இந்தக் காரணத்தாலேயே. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தக்காளிப் பாதையில் சமதளத்தின் உராய்வே பெரும்பங்கு ஆற்றலைத் தின்பதால் அந்த அளவு அதிசயம் நிகழாது. ஆயினும் ஒரே வண்டி, ஒரே யூனிட் விலை, ஒரே தூரம் என்றிருந்தும் திருமலைப் பூ வண்டிக்கும் மதனப்பள்ளித் தக்காளி வண்டிக்கும் கிலோமீட்டர்ச் செலவு வேறுபடும் என்பதை விளம்பரத் தாளில் அச்சாகும் ஒற்றை எண் சொல்வதில்லை. மாட்டுவண்டிக் காலத்து நடைக் கூலி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியே பேசப்படக்கூடியது என்பதால், ஒருவகையில் இதைவிடத் துல்லியமான அளவுகோல்.

மலைப்பாதையில் மின்சாரம் பெரிய அளவில் பரீட்சை எழுதியது பேருந்துகளில். மின்வண்டிகளை ஊக்குவிக்கும் மத்திய அரசின் ஃபேம் திட்ட இரண்டாம் கட்டத்தின் கீழ் நூறு மின்பேருந்துகள் திருப்பதிக்கு ஒதுக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 27 அன்று, பிரம்மோற்சவ நாள்களில், அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி அலிபிரியில் முதல் பேருந்துகளைத் தொடங்கிவைத்தார். அவற்றில் பாதி திருமலைக்கு, மற்றவை விமான நிலையம், மதனப்பள்ளி, நெல்லூர், கடப்பை வழித்தடங்களுக்கு. பேருந்தும் அதன் பேட்டரியும் தனியார் நிறுவனத்துடையவை. போக்குவரத்துக் கழகம் பயணச்சீட்டுப் பணத்தைத் தான் வைத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அந்நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இத்தகைய ஒப்பந்தத்தில் பேட்டரி தேயும் கவலை கழகத்தின் கணக்கில் தனி வரியாக நிற்பதில்லை. கிலோமீட்டர் கட்டணத்துக்குள்ளேயே அது புதைந்திருக்கிறது. தனி வண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ரேணிகுண்டா வெயிலில் பேட்டரியைக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரமும், ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் கொள்ளளவும் அவருடைய கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. பழைய குடியானவர் தீவனத்தை எழுதாமல் விட்டதைப்போல.

இப்போது அளவுகோல் மீண்டும் ஒருமுறை மாறிக்கொண்டிருக்கிறது. இராயலசீமையின் கர்னூல், அனந்தபுரம், கடப்பைப் பகுதிகளில் எழுந்த சூரியமின் பூங்காக்களால் நண்பகலில் மின்சாரம் மிகுந்தும், கதிரவன் சாய்ந்ததும் தட்டுப்பாடாகவும் ஆகிறது. இதைக் கணக்கில் கொண்டு மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜ் நிலையங்களுக்குச் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும் மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் என்ற அளவில் விலை வைக்கப் பரிந்துரைக்கிறது. அதாவது, அதே யூனிட் இரவில் நண்பகலைவிட ஏறத்தாழ இருமடங்கு. பிரிட்டனில் பேட்டரியில் ஓடிய பால் வண்டிகள் நிலக்கரி மின்நிலையங்களின் சும்மா கிடந்த இரவு மின்சாரத்தை மலிவாகக் குடித்து வளர்ந்தன. இராயலசீமையில் சும்மா கிடப்பது பகல். கொட்டிலில் நின்ற மாட்டின் கோடைக்கூலி இப்போது ஒரு நாளுக்குள் சுருங்கி வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பகலுக்கு ஏற்கெனவே வேறு உரிமையாளர்கள் உண்டு. உழவர் பம்புசெட்டுகளுக்கு ஒன்பது மணி நேர மின்சாரத்தைப் பகலிலேயே தருவதென்று மாநில அரசு 2019க்குப் பின் முடிவெடுத்து, அதற்கென ஊர்ப்புறத் துணைமின் நிலையங்களையும் வழித்தடங்களையும் வலுப்படுத்தியது. தக்காளி, மாம்பழம், வெல்லம் ஏற்றும் பிக்கப்புகளின் சொந்தக்காரர்கள் வாழ்வது இந்த ஊர்களில்தான். அங்கே பகலில் சார்ஜ் போட வேண்டுமென்றால் மலிவான யூனிட் இருந்தால் மட்டும் போதாது, பம்புசெட்டுகள் இழுத்துக்கொண்டிருக்கும் வேளையில் ஊர் மின்மாற்றியில் இடமும் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு எந்த விலை ஆணையிலும் இன்னும் தனிக் கட்டம் வகுக்கப்படவில்லை.